எய்விண்ட் ஸ்கார் விடைபெற்றது

1922 அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை மதியம் மூன்று மணிக்கு லோமன் வீட்டில் விடைபெறத் தொடங்கிய எய்விண்ட் ஸ்காரின் வலது கால், அடுத்த ஒன்பது வருடம் அந்த வாசற்படிக்கு வெளியே இருந்தது. இடது கால் உள்ளே. அன்று நாலேகால் மணி ரயிலை அவன் பிடித்தாக வேண்டும். மொன்டானாவில் அண்ணன் டோர்கில் அவனுக்கென்று நிலம் பார்த்து வைத்திருந்தான். நவம்பருக்குள் நேரில் போய்க் கையெழுத்துப் போடாவிட்டால் அது வேறொருவனுக்கு. பத்து வயதிலிருந்து ஊரான் மாட்டுக்குச் சாணி அள்ளியவனுக்கு அதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் அமெரிக்காவில் நார்வேக்காரர்கள் குடியேறிய ஸ்டென்விக்கில் யாரும் சட்டென்று கிளம்புவதில்லை. நாற்காலியில் ஒருமுறை, அடுப்பருகில் ஒருமுறை, கதவருகில் ஒருமுறை விடை சொல்ல வேண்டும். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் படி இறங்குவது காறித் துப்புவதற்குச் சமம். விருந்தாளியைப் பேச்சில்லாமல் அனுப்புவதும் அப்படித்தான். நார்வேயிலிருந்து மரப்பெட்டிகளோடு கப்பலேறி வந்த வழக்கம்.

"சரி அப்ப, நான் கிளம்பறேன் அக்கா."

"அதுக்குள்ளயா? காப்பி இன்னும் சூடா இருக்கே. ஆமா, உங்கம்மாவுக்கு முட்டிவலி எப்படி இருக்கு?" என்றாள் பெர்கிட் லோமன்.

"அம்மா செத்து நாலு வருஷமாச்சு."

"அட, சாவுச் சாப்பாட்டுக்கு நான்தானே உருளைக்கிழங்கு உரிச்சேன்! அப்ப அப்பாவுக்கு?"

அவளுக்கும் அவன் போனால் தேவலை. உள்ளே ரொட்டிமாவு பொங்கி வழிந்துகொண்டிருந்தது. ரயில் போயிற்று. பனி விழுந்து, திறந்த கதவு வழியாகக் கூடத்தில் முழங்கால் அளவு நின்றது. பெர்கிட்டின் புருஷன் ஆன்ஃபின், "போறதுன்னா போய்த் தொலை, இல்ல கதவையாவது சாத்து" என்று அவன் சட்டைக் காலரைப் பிடித்து வெளியே தள்ளப்போனான். தள்ளப்போனவன் வாய் சும்மா இருக்காமல், "பாத்துப் போ, ரோடு வழுக்கும்" என்றான். போன வருடத்து வழுக்கலைப் பற்றி எய்விண்ட் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. அதில் ஒரு மாதம் போயிற்று. நிலமும் போயிற்று.

நார்வே தேசிய நாளான மே பதினேழின் ஊர்வலங்கள் அவன் முகத்துக்கு நேராகக் கடந்தன. தேவாலயத்தில் பிரசங்கத்தை ஆங்கிலத்துக்கு மாற்றியதால் பாதிப்பேர் கோபித்துக்கொண்டு எதிரிலேயே வேறு தேவாலயம் கட்டினார்கள். பால்பண்ணை எரிந்தது. டிசம்பர்தோறும் சாம்பல்காரத்தில் ஊறவைத்த மீனை யாராவது தட்டில் கொண்டுவந்தார்கள், நின்றபடியே தின்றான். கால்கள் வீங்கி, செருப்புத் தைப்பவன் வந்து பூட்ஸை அறுத்தெடுத்தான். தூக்கத்திலும் அவன் உதடுகள் "சரி அப்ப" என்று அசைந்தன.

1931 கோடையில் டோர்கில் வந்தான். வறட்சியில் அவன் நிலமும் போய்விட்டிருந்தது. மேற்கே மர அறுவை ஆலையில் இருவருக்கும் வேலை பேசியிருந்தான். சட்டைப்பையில் இரண்டு டிக்கெட்.

"ஒம்பது வருஷமா அப்படி என்னடா பேச்சு? வாடா. யார் என்ன கேட்டாலும் திரும்பாத."

கையைப் பிடித்து இழுத்தான். எய்விண்டின் இடது கால், வேர் பிடுங்குகிற சத்தத்தோடு வாசற்படியை விட்டு வந்தது. இருவரும் இரண்டு படி இறங்கினார்கள். மூன்றாவதும் இறங்கினார்கள். எய்விண்ட் அழுதான். பெர்கிட் வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள், கேள்வி விரலிடுக்கில் வந்துவிட்டது.

"டோர்கில், அங்க மழையே இல்லையாமே?"

டோர்கில் திரும்பினான்.

"அதை ஏன் கேக்கறீங்க," என்றான்.

மறுநாள் ஆன்ஃபின் பலகை வாங்கிவந்து மூன்றாவது படியை இருவர் நிற்கிற மாதிரி இரண்டு அடி அகலமாக்கினான்.