கழட்டி வைத்த அச்சரக்கூடு

சந்திரவதனா காலை ஷிப்டில் துடைக்கும் மியூசியக் கண்ணாடிப் பெட்டி ஒன்றுக்குள் மந்திரத்தகடு அடைத்துக் கழுத்தில் கட்டும் பொன் அச்சரக்கூடு ஒன்று கிடந்தது. சுண்டுவிரல் நீளம், நுனியில் சிங்கமுகம், கயிறு கோக்க ஒரு வளையம். சிங்கத்தை விட்டால், அவள் மகள் கௌசியின் கழுத்தில் கிடந்ததைப் போலவேதான்.

கௌசி போய் எட்டு மாதம். ஹவுன்ஸ்லோவில் ஒரு செத்தவீட்டுக்குப் பிள்ளையோடு புறப்பட்டபோது, தீட்டுப் படக்கூடாதென்று சந்திரவதனாதான் அதைக் கழட்டி மேசை லாச்சிக்குள் வைத்தாள். திரும்பி வந்து தீட்டுப் போகப் பிள்ளையைத் தோய வார்த்தவள், கட்டிவிட மறந்துபோனாள். மூன்றாம் நாள் காய்ச்சல். ஐந்தாம் நாள் பிள்ளை இல்லை. மூளைக்காய்ச்சல் என்றார்கள் டொக்டர்மார். கணவன் சுபாஸ்கரன் ஒன்றுமே சொல்லவில்லை. அதுதான் அவளைத் தின்றது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனை அங்கே கூட்டிவந்தாள்.

"கிழமை முழுக்கத் துடைக்கிறது காணாதெண்டு லீவு நாளிலயும் வாறீரோ?"

"இதில என்ன எழுதிக்கிடக்கெண்டு வாசியுங்கோ. எனக்கு இவ்வளவு இங்கிலீசு ஓடாது."

அவன் குனிந்தான். "மத்தியதரைக்கடல்ல ஒரு தீவாம். ரெண்டாயிரத்தைஞ்சூறு வரியப் பழசாம். உள்ளுக்க தங்கத்தகடு சுருட்டிக் கிடந்ததாம். இவளைக் காத்தருள் எண்டு எழுதினது."

"எங்க எடுத்தவை?"

அவன் நிமிரவில்லை. "ஒரு சின்னப் பொம்பிளைப் பிள்ளையின்ர புதைகுழியில. கழுத்திலயே கிடந்ததாம்."

பிறகு அவன் மெல்லச் சொன்னான்:

"பாத்தீரே, கழட்டாத பிள்ளையும் போயிருக்கு. உம்மில பிழையில்லை வதனா. இதைச் சொல்லத் தெரியாமத்தான் இவ்வளவு நாளும் திரிஞ்சனான்."

எட்டு மாதமாக அவள் காத்திருந்த சொல் அது. ஆனால் அவள் கண் அந்தக் கூட்டை விட்டு அசையவில்லை.

"அந்தத் தாய் கழுத்தில போட்டெல்லோ அனுப்பியிருக்கிறா," என்றாள். "நான் எங்கட பிள்ளையை வெறுங்கழுத்தோட விட்டிட்டன். சவப்பெட்டியை மூடேக்கையும் எனக்கு ஞாபகம் வரேல்லை. அது லாச்சிக்குள்ளயே கிடந்தது."

சுபாஸ்கரன் அந்த எழுத்தை மறுபடியும் வாசித்தான். அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை.

அவன் மூச்சுப் பட்டுக் கண்ணாடி மங்கியிருந்தது. அவள் கோட்டுக் கையால் துடைத்தாள். திரும்பவும் மங்கியது. திரும்பவும் துடைத்தாள்.