ஊமையனின் மகள்கள்

பொலிகாளை நிலையத்தில் பால் கணக்கைப் புள்ளிவிவரமாக அலசுவது அவள் வேலை; கணக்கு மேடம் என்பார்கள். கணவன் பிரிந்து போன பிறகு குவார்ட்டர்ஸில் தனியாகத்தான் இருந்தாள்.

அந்த வருஷம் கழித்துவிட வேண்டிய காளைகளின் பட்டியலில் ஊமையன் முதலில் நின்றான். கத்தவே மாட்டான் என்பதால் அந்தப் பெயர். அவனுக்குப் பிறந்த பசுக்கள் கறந்த பாலின் சராசரி எல்லாக் காளைகளையும்விடக் குறைவு. ஆனால் அந்தப் பசுக்களில் பெரும்பாலானவை புல்லுக்கே தாளம் போடும் பண்ணைகளில் வளர்ந்தவை என்பதைக் கவனித்தவள் அவள் மட்டும்தான். இயக்குநரிடம் போய் நின்றாள்.

"மகள் கறக்கிற பாலுக்கு மேல என்ன சாட்சி வேணும்?" என்றார் அவர்.

"அரைவயித்து மாட்டையும் வயிறார தின்ன மாட்டையும் ஒரே தராசுல வைக்கலாமா சார்? அதே கொட்டில்ல, அதே பருவத்துல கன்னு போட்ட மத்த மாடுங்களோட மட்டும் ஒப்பிட்டுப் பாக்கணும்."

அவர் நியாயஸ்தர். இரண்டு முறையிலும் காளைகளை வரிசைப்படுத்தச் சொன்னார். எல்லாக் காளைகளின் இளைய மகள்களும் அப்போதுதான் கறவைக்கு வந்திருந்தன. எந்த வரிசை அவற்றின் பாலைச் சரியாக முன்கூட்டிச் சொல்கிறதோ, அதுவே இனி முறை. அதுவரை, சினை ஊசிக்காகச் சேமித்திருந்த ஊமையனின் உறைவிந்தைக் கொட்ட வேண்டாம். காளையை வைத்திருக்கத்தான் இடமில்லை.

அடிமாட்டு லாரி வந்த அன்று, அவனைப் பராமரித்த காளைக்காரர் கழுத்தைத் தடவிக்கொண்டே ஏற்றினார். அவள் ஜன்னலிலிருந்து பார்த்தாள். கீழே இறங்கிப் போகத் துணிவு வரவில்லை.

பிறகு மாதக்கணக்கில் எண்களோடுதான் வாழ்க்கை. "மேடம் வர்றாங்க, சராசரியை ஒளிச்சு வை" என்று சாப்பாட்டு மேஜையில் ஒருவன் கேலி செய்தான். அவளும் சிரித்தாள். மறுநாளிலிருந்து டிபன் பாக்ஸை அறையிலேயே திறந்தாள். யாரும் கூப்பிட வரவில்லை.

முடிவு வந்தது. பழைய சராசரி பல காளைகளில் தடுமாறியிருந்தது. அவள் முறை பெரும்பாலும் பொய்க்கவில்லை. ஊமையன் இரண்டாம் இடம். இயக்குநர் எல்லார் முன்னாலும் தன் கணிப்பு தவறு என்று ஒப்புக்கொண்டு, அவன் உறைவிந்தை எல்லாக் கிளைகளுக்கும் அனுப்ப உத்தரவிட்டார். கைதட்டினார்கள். ஐந்து மணிக்கு அவரவர் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.

அக்காவுக்குப் போன் போட்டாள். அங்கே பேரனுக்குக் காய்ச்சல்.

"நல்ல விஷயம்தானேடி. சாப்பிட்டியா?"

"ஆச்சுக்கா" என்று பொய் சொல்லி வைத்தாள்.

வீட்டுக்குப் போகக் கால் வரவில்லை. காளைக் கொட்டிலுக்கு நடந்தாள். ஊமையன் இருந்த இடத்தில் ஒரு புதுக்காளை அசைபோட்டுக்கொண்டிருந்தது. காளைக்காரர் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். அவளிடம் விஷயத்தைக் கேட்டுக்கொண்டார்.

"அவன் இருந்திருந்தா இன்னிக்கு ரெண்டு கை புண்ணாக்கு கூடப் போட்டிருப்பேன்" என்றார். பிறகு, "இதைச் சொல்ல ஆள் இல்லாமத்தான் இங்க வந்தீங்களாம்மா?"

அவள் தலையாட்டினாள். அழுகை வந்தது, மறைக்கவில்லை.

காளைக்காரர் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டார். அவள் உட்கார்ந்தாள். அவர் அடுத்த காளைக்குத் தண்ணீர் எடுக்கப் போனார்.