ஜான் பீ குடிக்காத சர்க்கரைத் தண்ணீர்

நல்லம்பள்ளியில் நூர் பாஷா வீட்டில் மட்டும் ஒரு வருஷமாகச் சர்க்கரை இனிக்கவில்லை. கடையில் இனிக்கும்; வாசற்படி தாண்டினால் வெறும் மணல். நாட்டு மருந்து விற்கிறவர், இனிப்பைக் கொல்லும் சிறுகுறிஞ்சான் இலையை மென்றே நாக்கு மரத்துப்போச்சு என்று ஊரில் கிண்டல் செய்தார்கள். பெங்களூர்ச் சம்பந்தி பாயசத்தை ஒரு வாய் குடித்துவிட்டுத் தம்ளரையே வெறித்துப் பார்த்தபின் கிண்டல் நின்றது.

எல்லாம் அவர் மனைவி ஜான் பீ இறந்த ரம்ஜானிலிருந்து. சிறுகுறிஞ்சான், நாவல்கொட்டை, வெந்தயம், ஆவாரம்பூ நான்கையும் சேர்த்து நூர் பாஷா இடித்த சர்க்கரைநோய்ப் பொடிக்கு ஏரியூர் வரை பேர் இருந்தது. தனித்தனியே சோம்பிக் கிடப்பவை ஒன்றாகச் சேர்ந்தால் ஓட்டமெடுக்கும் என்பார். நோன்பில் மதியப் பொடிக்கு வழியில்லை. அதையும் விடியலுக்கு முன்பே, டாக்டர் மாத்திரைக்கு மேலேயே, மனைவிக்குக் கரைத்துக் கொடுத்துவிட்டார். மதியம் சாய்ந்ததும் ஜான் பீக்கு வேர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது. சர்க்கரை அதலபாதாளத்துக்கு இறங்கியிருந்தது. "குடிச்சிருங்கம்மா, முடியாதவங்க நோன்ப வுட்டா தப்பில்லீங்க" என்று மகள் அஃப்சானா கெஞ்சினாள். நூர் பாஷா சர்க்கரைத் தண்ணீரை உதட்டில் வைத்தார். "பாங்கு சொல்லட்டுங்க" என்று ஜான் பீ பல்லைக் கடித்துக்கொண்டாள். சாயங்காலம் நோன்பு திறக்கப் பாங்கு சொன்னபோது அவள் இல்லை. பாவி மனுஷி, ஒரு மடக்கு குடித்திருக்கலாம்.

அதன்பிறகு தினமும் மதியம் அவள் தலையணை வேர்வையில் நனைந்தது. பல் கடிக்கும் சத்தம் அடுப்படி வரை கேட்டது. அவளுக்கு அந்த மதியம் இன்னும் முடியவில்லை என்று நூர் பாஷாவுக்குப் புரிந்தது. அந்த நோன்பு மாதத்திலேயே, மூன்று மணிக்கே ஒருதரம் நோன்பு திறக்கும் பாங்கைச் சொல்லும்படி பள்ளிவாசல் மோதினாரின் காலைப் பிடித்தார். "ஊரு நோன்பே கெட்டுப்போகும் பாய், முடியாதுங்க" என்று அவரும் அழுதார்.

மறு ரம்ஜான் வந்தது. நூர் பாஷாவுக்கும் சர்க்கரை உண்டு. அதே பொடியை அதே அளவில், மாத்திரையோடு குடித்துவிட்டு அவர் நோன்பு பிடித்தார். மதியம் வேர்த்தது. அஃப்சானா கதறக் கதற, சர்க்கரைத் தண்ணீர்த் தம்ளரை அவள் கட்டிலில் வைத்துவிட்டு, "நீ குடிக்காம நானும் குடிக்கமாட்டேன் ஜான் பீ" என்றார். கண் இருட்டிக்கொண்டு வந்தது.

அப்போது அந்த வீட்டில் மட்டும் பொழுது சாய்ந்தது. தெருவில் வெயில் கொளுத்த, கூரைமேல் நட்சத்திரம் முளைத்தது, கோழிகள் கூடடைந்தன. தம்ளரில் தண்ணீர் தானாக இறங்கிப் பாதியில் நின்றது. மீதியை அவர் குடித்தார். இனித்தது.

இப்போதும் அங்கே மூன்று மணிக்கே இருட்டிவிடும். காயவைத்த மிளகாயை அஃப்சானா அதற்குள் அள்ளிவிடுகிறாள். மீட்டர் பார்க்க வருகிறவர் டார்ச் லைட்டோடு வருகிறார்.