விரலுக்குத் தெரிந்த மேடு

சவப்பெட்டி வைக்க இடம் வேண்டுமென்று சாப்பாட்டு மேசையைத் தூக்க வந்த இருவரும், அதன்மேல் கிடந்த அலுமினியப் பாளத்தைப் பார்த்துத் தயங்கினார்கள். மதலைமுத்துவின் மாருதி கார் இன்ஜினுடைய மேல்பாகம், ஹெட் அது.

"அத யாரும் தொடாதீங்க" என்றாள் செசிலி. ஆஸ்பத்திரியிலிருந்து கணவர் மதலைமுத்துவின் உடல் இன்னும் வந்துசேரவில்லை. காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்; பிறகு எழுந்திருக்கவே இல்லை.

நான்கு மாதமாக அந்த ஹெட்டுக்குள் காற்று போகும் வழியை அரத்தால் அராவி அராவி அகலமாக்கிக்கொண்டிருந்தார். காற்று தாராளமாகப் போனால் வண்டி பறக்குமாம். பறந்து எங்கே போவது? விவேக் நகர் வீட்டிலிருந்து பொம்மசந்திரா ஃபேக்டரிக்குத்தான். பிள்ளையில்லாத வீடு. இருபத்தாறு வருஷத்தில் அவர் வாயைத் திறந்தது, கல்யாணத்தன்று மாதா கோயிலில் சாமியார் கேட்டபோது "சம்மதம்" என்று சொல்லத்தான் என்று செசிலி கிண்டல் செய்வாள்.

இந்த வேலைக்கு மட்டும் அவள் வேண்டியிருந்தது. சர்க்கரையில் அவருக்கு விரல் மரத்துப்போய்விட்டதாம். தினமும் சாயங்காலம் பக்கத்தில் உட்காரவைத்து, "விரல உட்டுப் பாரு, எங்க மேடா இருக்கு?" என்பார். அவள் சொல்லச் சொல்ல அராவுவார்.

நேற்று அதற்குள் டிவியில் சீரியல் தொடங்கிவிட்டது. விரலைச் சும்மா நுழைத்து எடுத்து, "எல்லாம் வழவழன்னு இருக்கு" என்று எழுந்துவிட்டாள். "சரி, போ. நாளைக்கும் ஒரு வாட்டி பாத்துடு" என்றார். கட்டியவர் கடைசியாகக் கேட்டதற்குச் சொன்னது பொய். அதுதான் காலையிலிருந்து அவள் மனசை அறுத்துக்கொண்டிருந்தது.

ஃபேக்டரியில் அவரோடு இன்ஸ்பெக்‌ஷனில் இருக்கும் ஷங்கர் வந்ததும் அவனை மேசையருகே இழுத்துப்போனாள்.

"உள்ள மேடு இருக்கு ஷங்கர். நான்தான் இல்லேன்னுட்டேன். விரல் மரத்த மனுஷன், நம்பிட்டாரு. நீ சரிபண்ணிக் குடுப்பா."

ஷங்கர் விரலை விட்டுத் தடவினான். "ஆமாக்கா, இருக்கு. ஆனா அண்ணனுக்கு விரல் மரத்துப்போச்சுன்னு யாரு சொன்னா?"

"அவருதான்."

"போன வாரம்கூட, கண்ணுக்கே தெரியாத ஒரு கீறல விரலால தடவியே கண்டுபுடிச்சு அந்த பீஸ ரிஜெக்ட் பண்ணாரேக்கா. அவரு விரல்மாரி எங்க டிபார்ட்மெண்ட்ல யாருக்கும் இல்ல."

வாசலில் வேன் வந்து நின்றது. ஷங்கர் ஹெட்டை எடுத்துக்கொள்ள, தூக்க வந்த இருவரும் மேசையை வெளியே கொண்டுபோனார்கள். சாயங்காலங்களில் அவரும் அவளும் உட்கார ஒட்டிப் போட்டிருந்த இரண்டு நாற்காலிகள் நடுவீட்டில் மிஞ்சின. யாரோ வந்து அதில் ஒன்றைத் தள்ளிப்போடப் பார்த்தார்கள். செசிலி அதன் சாய்வைப் பிடித்துக்கொண்டாள்.