கஞ்சிக்கு உப்புப் பார்க்கிறவர்

மேலப்பாளையத்தில் எங்கள் தெருப் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி காய்ச்சுகிறவர் காஜா முகைதீன். நோன்பு வைத்திருப்பதால் ருசி பார்க்க மாட்டார். நாக்கு நுனியில் வைத்துத் துப்பிவிடலாம் என்பார்கள். அவருக்கு மனசு ஒப்பாது. அதனால் பதினெட்டு வருடமாக உப்புப் பார்ப்பது, எதிரே சைக்கிள் கடை வைத்திருக்கும் நேசையா. ஞாயிறு காலையில் சர்ச், நோன்பு மாதத்தில் தினமும் நாலு மணிக்குக் கஞ்சி. மனுசர் இரண்டையும் தவறவிட்டதில்லை.

இந்த வருடம் வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு வந்தது. எங்கோ சாப்பாட்டில் யாரோ விஷம் கலந்துவிட்டார்களாம். ஊர் பேரும் கிடையாது, ஆள் பேரும் கிடையாது. அனுப்பியவர்கள் மட்டும் ஆயிரம் பேர். ஜமாஅத் செயலாளர் அலி அஸ்கருக்குத் தூக்கம் போயிற்று. அவரையும் குறை சொல்ல முடியாது, ஊர்ப் பிள்ளைகள் குடிக்கிற கஞ்சி. சமையற்கட்டுக்குப் பூட்டு போட்டார், கேமரா மாட்டினார், சாக்கில் கிடந்த கல் உப்பைத் தூக்கிவிட்டு சீல் வைத்த பாக்கெட் உப்பு வாங்கினார். வெளியாட்கள் வரக்கூடாது என்று எழுதி ஒட்டினார். நேசையாவும் வெளியாளாகிப் போனார்.

காஜா முகைதீனுடையது கல் உப்புக்குப் பழகின கை. தூள் உப்பையும் அதே கைக்கணக்கில் அள்ளிப் போட்டுவிட்டார். போட்ட பிறகுதான், அதே கை அளவில் தூள் உப்பு கூடுதலாகக் கரிக்குமே என்பது உறைத்தது. வெளியே தூக்குவாளிகளோடு வரிசை நிற்கிறது. இன்றைக்குக் கஞ்சி கெட்டால் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவார்கள்.

அகப்பையை ஜன்னல் கம்பி வழியே நீட்டினார். "லே நேசையா, பைய வந்து பாரு."

நேசையா ஒரு வாய் குடித்தார். முழி பிதுங்கியது. "என்ன வே, கடலையா காய்ச்சுதீரு?"

அதற்குள் கேமராவில் பார்த்துவிட்டு அலி அஸ்கர் ஓடி வந்தார். "வெளியாள் கை பட்ட அகப்பை! அதுல எதையாவது தடவியிருந்தா?"

நேசையாவுக்கு அழுகையே வந்துவிட்டது. "பாய், பதினெட்டு வருசமா இந்தக் கஞ்சியில முதல் வாய் என் வாய்தான். எவனாவது விஷத்தப் போட்டிருந்தா, உங்க பிள்ளைகளுக்கு முன்னால நான்லா செத்திருப்பேன்?"

அலி அஸ்கருக்கு வெட்கமாகப் போய்விட்டது. பூட்டைத் திறந்து நேசையாவை உள்ளே கூட்டி வந்தார். காஜா முகைதீன் குருணையும் தேங்காய்ப்பாலும் சேர்க்க, செயலாளரே குடம் குடமாகத் தண்ணீர் தூக்கி வந்து ஊற்றினார். கொதித்ததும் நேசையா மறுபடி ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடியவர் திறக்கவே இல்லை.

அலி அஸ்கருக்கு உயிரே போய்விட்டது. நேசையாவின் தோளைப் பிடித்து உலுக்கினார். "நேசையா! யா அல்லாஹ், நேசையா!"

"சத்தம் போடாதேயும் பாய்," என்றார் நேசையா. "உப்புப் பாக்க வேண்டாமா?"