இஸ்திரிக்காரியின் காலடி

என் வீட்டுக்காரரின் பையில் பெண்கள் போடும் ஹை ஹீல்ஸ் ஒரு ஜோடி இருந்தது. என் காலுக்கு ரொம்பப் பெரிது. குதி தேய்ந்திருந்தது.

சினிமாவுக்குக் காலடிச் சத்தம் கொடுப்பதுதான் அவர் வேலை. அதனால் எங்கள் வீட்டில் செருப்புக்குப் பஞ்சமில்லை. ஆனால் எல்லாவற்றையும் என்னிடம் காட்டுகிறவர், இதை மட்டும் துணியில் சுற்றி ஒளித்து வைத்திருந்தார்.

"யாருதுங்க இது?"

"வேலைக்கு."

ஒன்று கேட்டால் ஒன்பது சொல்கிற மனிதர், ஒரு மாதமாக இப்படித்தான். அக்காவுக்குப் போன் போட்டேன்.

"கையும் களவுமா புடிடி," என்றாள்.

மறுநாள் மத்தியானம் சொல்லாமல் ஸ்டூடியோவுக்குப் போனேன். வாசலில் நின்ற ஒலிப்பதிவுக்காரத் தம்பி திருதிருவென்று முழித்தான்.

"உள்ள யாரு?"

"அண்ணன் மட்டும்தான் அண்ணி."

அந்த முழியே சரியில்லை. கதவைத் தள்ளினேன்.

திரையில் ஒருத்தி, ஜன்னலே இல்லாத அறையில், வெள்ளைப் போர்வைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். பேச்சு இல்லை, பாட்டு இல்லை. மடித்தாள், அலமாரிக்கு நடந்தாள், திரும்பினாள். குவியல் மட்டும் குறையவே இல்லை. கீழே, கல் பலகையின் மேல், அந்த ஹீல்ஸை மாட்டிக்கொண்டு அவளுக்குச் சமமாக அடி வைத்துக்கொண்டிருந்தார் என் வீட்டுக்காரர்.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வாய்விட்டுச் சிரித்தேன். அக்காவை நன்றாகத் திட்ட வேண்டும்.

"சிரிக்காதீங்க அண்ணி," என்று தம்பி பின்னால் முணுமுணுத்தான். "அந்தப் படத்த போன மாசமே முடிச்சுக் குடுத்தாச்சு."

திரையில் அவள் கதவைத் திறந்து போய்விட்டாள். வெறும் அறை. இவர் நிறுத்தவில்லை.

"அவதான் போயிட்டாளே, இன்னும் என்ன நடக்குறீங்க?"

"படத்துலேர்ந்துதான் போயிருக்கா," என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "வேலை முடியலையே. அடுத்த ரூம்ல நடந்துக்கிட்டுதான் இருக்கா. காது குடுத்துக் கேளு."

கேட்டேன். அவர் காலடியைத் தவிர எதுவும் இல்லை. பலகைக்கு முன்னால் போய் நின்று அவர் கையைப் பிடித்தேன்.

"வீட்டுக்கு வாங்க. எனக்குப் பயமா இருக்கு."

என் கையை மெதுவாக விலக்கினார். கோபமே இல்லை, அதுதான் தாங்கவில்லை.

"கொஞ்சம் தள்ளி நில்லு. அவ வர்ற வழியில நிக்கிற."

நிஜமாகவே ஒருத்தி இருந்திருந்தால் அவளை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன்.

நான் தள்ளி நின்றேன்.