ஆற்றுப் பக்கத்துத் திரை

கார்மக் எழுந்தான். பல் தேய்த்தான். கெட்டிலில் தண்ணீர் பிடித்து வைத்தான். அடுப்பிலிருந்த சாம்பலை வாளியில் அள்ளி, பின்கதவைத் திறந்து, வேலியோரம் கொட்டினான். இரவு பெய்த மழையில் ஆறு கொஞ்சம் ஏறியிருந்தது. படித்துறைக்குப் போய்ப் படகுக் கயிற்றை ஒரு சாண் தளர்த்திக் கட்டினான். திரும்பி வந்தபோது கெட்டில் கொதித்து அடங்கியிருந்தது. தேநீர் போட்டு நின்றபடியே குடித்தான். பிறகு முன்னறைக்குப் போய், சவப்பெட்டியின் தலைமாட்டில் எரிந்து குட்டையாகியிருந்த மெழுகுவர்த்தியை எடுத்துவிட்டு வேறொன்றை ஏற்றினான்.

பெட்டியில் அவன் மனைவி கிளீனா படுத்திருந்தாள். நீல ஸ்வெட்டர், அதன் மேல் மடித்து வைத்த கைகள். பக்கத்து நாற்காலியில் அவள் அக்கா ஐலீஷ், கோட்டைக்கூடக் கழற்றாமல். இரவு முழுக்க உடலைத் தனியே விடக்கூடாது என்பது முறை. அந்த முறையை ஐலீஷ் ஒருத்தியே கடைப்பிடித்திருந்தாள்.

“தூங்கினியா?” என்றாள்.

“தூங்கினேன்.”

“நல்லா?”

“நல்லா.”

தூங்கவில்லை என்று அவன் சொல்லியிருக்கலாம், ஆனால் பொய் வரவில்லை. எத்தனையோ மாதங்களாக அவன் கிளீனாவின் மூச்சைக் கேட்டுக்கொண்டேதான் தூங்கியிருந்தான். மூச்சு வேகமானால் எழுந்திருப்பான். மெதுவானாலும் எழுந்திருப்பான். நேற்றிரவு பின்னறையில் படுத்தபோது கேட்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை. அடித்துப் போட்டதுபோல் தூங்கிவிட்டான். காலையில் கண்ணாடியில் பார்த்தால் விடுமுறை முடிந்து வந்தவன் மாதிரி முகம் தெளிந்து கிடந்தது. அதற்காக வெட்கப்பட வேண்டும் என்று தோன்றியது. வெட்கமும் சரியாக வரவில்லை.

ஐலீஷ் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டாள்.

“அடக்கம் பண்ற டீர்னி மத்தியானத்துக்குள்ள வந்து கேப்பார். எங்க புதைக்கிறதுன்னு. என்ன சொல்லப் போற?”

“இங்கயேன்னுதான்.”

“அவ கேட்டாளா?”

“கேக்கல.”

“அவ கேக்கல. நீயா முடிவு பண்ணிட்ட.” அவள் குரல் உயரவில்லை. “டப்ளின்ல அம்மா குழியில இன்னொரு ஆளுக்கு இடம் இருக்கு. நான் வாரா வாரம் போறேன். பூ வைக்கிறேன். இங்க யாரு இருக்கா அவளுக்கு? வந்து ஒரு வருஷம்கூட ஆகல. நீ எத்தன நாள் இங்க இருப்ப? சின்ன வயசு. நாளைக்கே வீட்ட வித்துட்டுப் போயிடுவ. அவ கிடப்பா, தெரியாத ஜனத்துக்கு நடுவுல.”

அம்மா இறந்தபிறகு கிளீனாவை வளர்த்தவள் ஐலீஷ்தான். அவளுக்குச் சொல்லும் உரிமை இருந்தது. கார்மக் மெழுகுவர்த்தியைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“ஆஸ்பத்திரி வாசல்ல குடியிருந்தவள ஆத்தங்கரையில கொண்டாந்து வச்ச. ஆறு உனக்குத்தான் வேணும். அவளுக்கு என்ன வேணும்னு கேட்டியா?”

கேட்டிருந்தான். அதுதான் சிக்கல். போன கோடையில் அவனும் கிளீனாவும் வாடகைப் படகொன்றில் ஷானன் ஆற்றில் வந்துகொண்டிருந்தபோது இந்த வெள்ளை வீடு தெரிந்தது. விற்பனைக்கு என்று பலகை நாணலுக்குள் சாய்ந்து கிடந்தது. டாக்டர்கள் இன்னொரு சுற்று மருந்து ஏற்றிப் பார்க்கலாம் என்று சொல்லியிருந்த சமயம். “வாங்கிடலாமா?” என்று பாதி விளையாட்டாகக் கேட்டான். கிளீனா வீட்டைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். “சரி” என்றாள். அவ்வளவுதான். அந்தச் சரி அவளுக்காகச் சொன்னதா, அவனுக்காகச் சொன்னதா என்று பிறகு அவன் கேட்கவேயில்லை. கேட்டால் அதற்கும் சரி என்பாள்.

வெளியே ஆற்றில் ஒரு படகு டக்டக்கென்று வந்தது. வீட்டை நெருங்கியதும் சத்தம் நின்றது. தண்ணீர் கரையில் தட்டும் ஓசை மட்டும் கேட்டது. சற்றுத் தள்ளிப் போன பிறகு மறுபடி டக்டக்.

“ராத்திரியிலேர்ந்து பாக்கறேன்,” என்றாள் ஐலீஷ். “எல்லாரும் இங்க வந்ததும் இன்ஜின நிறுத்தறாங்க.”

“துக்க வீட்டத் தாண்டுற வரைக்கும் நிறுத்துவாங்க.”

“அவங்களுக்கு எப்படித் தெரியும்?”

“ஆத்துப் பக்கத்துத் திரைய இறக்கியிருக்கில்ல. இறக்கினா சாவுன்னு அர்த்தம். மத்த நாள்ல யாரும் அந்தப் பக்கம் இறக்க மாட்டாங்க.”

ஐலீஷ் திரையைப் பார்த்தாள். “வெயிலடிச்சா?”

“கண்ண மூடிக்குவாங்க போல,” என்றான் கார்மக்.

வாசலில் நாற்காலிகள் இடித்துக்கொள்ளும் சத்தம். மதுக்கடையிலிருந்து மடக்கு நாற்காலிகளைத் தோளில் மாட்டிக்கொண்டு டெஸி வந்திருந்தார். ஆற்றின் மேல் வளைவில் அவர் வீடு. வேலையை விட்ட பிறகு தினமும் படகில் கடைக்குப் போவதையே வேலையாக வைத்துக்கொண்டவர். அவருக்குப் பின்னால், துணி போட்டு மூடிய பெரிய தட்டுடன் பெக். நான்கு வீடு தள்ளி இருப்பவள், கணவனை இழந்தவள். ஊரில் யார் இறந்தாலும் முதல் சாண்ட்விச் அவள் வீட்டிலிருந்துதான் வரும்.

இருவரும் பெட்டியருகே போய்க் கிளீனாவின் கையைத் தொட்டுவிட்டு, சிலுவை போட்டுக்கொண்டு, ஐலீஷையும் கார்மக்கையும் சமையலறைக்குக் கூட்டி வந்தார்கள். பெக் ஐலீஷின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

“அக்காதானே நீ? மூக்கே சொல்லுது. பெரிய கஷ்டம்மா உனக்கு.”

“ஆமாங்க.”

“உக்காரு. ராத்திரி பூரா முழிச்ச முகம். ஹாம் இருக்கு, முட்டை இருக்கு, ஒண்ணாவது தின்னு. அவளுக்காக நான் ரொட்டி வெட்டறது இது ரெண்டாவது…”

நிறுத்திக்கொண்டாள். டெஸி திடீரென்று கூரையைப் பரிசோதிக்க ஆரம்பித்தார்.

“ரெண்டாவதா?” என்றாள் ஐலீஷ். “மொத தடவ எப்ப?”

பெக் கார்மக்கைப் பார்த்தாள். “நீ சொல்லலயா?”

“நீங்கதான் யார்கிட்டயும் சொல்லாதேன்னீங்க.”

“சொல்லாதேன்னா ஒரேயடியாவா சொல்லாம இருப்ப? இந்த ஊர்ல பொறந்தவன் ஒருத்தனும் அப்படி இருக்க மாட்டான்.”

“என்ன நடந்தது?” என்றாள் ஐலீஷ்.

கார்மக்தான் ஆரம்பித்தான். முந்தாநாள் மத்தியானம் மேகம் விலகிவிட்டது. ஆற்றுத் தண்ணீரில் பட்ட வெயில் நேராகக் கிளீனாவின் கண்ணில் அடித்தது. அவளுக்குத் தலையைத் திருப்பவும் தெம்பில்லை. அவன் போய்த் திரையை இறக்கிவிட்டான்.

“எனக்கு அந்த வழக்கம் தெரியாது. டப்ளின்காரன்.”

“பட்டணத்துல சாவுன்னா எப்படித்தான் தெரிஞ்சுக்குவீங்களோ,” என்றாள் பெக்.

“ஃபோன் பண்ணுவோம்.”

“அதுவும் ஒரு வழிதான்,” என்றார் டெஸி. பிறகு ஐலீஷ் தன்னையே பார்ப்பதைக் கண்டு, தொப்பியை எடுத்து முழங்காலில் வைத்துக்கொண்டார். “என் தப்புதாம்மா. கடைக்குப் போயிட்டிருந்தேன். பாத்தா திரை இறங்கியிருக்கு. ஐயோ பொண்ணு போயிட்டாளேன்னு இன்ஜின நிறுத்தினேன். தொப்பிய எடுத்தேன். ஒரு ஜெபம் சொன்னேன். முடிச்சுட்டு ஸ்டார்ட் பண்ணா, ஆகல. படகு அதுபாட்டுக்குப் போய் நாணல்ல சொருகிக்கிச்சு. எங்க? நேரா அவ சன்னலுக்குக் கீழ. சாவு வீட்டு முன்னால திட்டக்கூடாதேன்னு வாயக் கடிச்சுக்கிட்டு இன்ஜின் கயித்த இழுக்கறேன், இழுக்கறேன்…”

“கடைசியில திட்டினீங்க,” என்றான் கார்மக்.

“ஒண்ணே ஒண்ணு.”

“மூணு. அவ எண்ணினா.”

ஐலீஷின் முகம் வெளுத்திருந்தது.

“உயிரோட இருக்கறவளுக்கு,” என்றாள். “உயிரோட இருக்கறவளுக்கு இங்க சாவுச் சடங்கு நடந்திருக்கு. அவ அதக் கேட்டுக்கிட்டுக் கிடந்திருக்கா.”

பெக் தட்டின் துணியை ஒழுங்குபடுத்தினாள். “என் தப்பு இன்னும் பெருசு கண்ணு. இவரு நாணல்ல தொப்பியில்லாம நிக்கறத எங்க வீட்டிலேர்ந்து பாத்தேன். அதுக்கு மேல என்ன கேக்கணும்? ரொட்டிய வெட்டினேன், கறுப்புக் கோட்ட மாட்டினேன், வந்துட்டேன். இவன் கதவத் தெறக்கறான். கையப் பிடிச்சுக்கிட்டு, ‘தங்கமான பொண்ணு, இனிமே வலியில்ல அவளுக்கு’ன்னு சொல்லிட்டிருக்கேன். உள்ளேர்ந்து ஒரு குரல், ‘யாரு கார்மக் அது?’ன்னு.” அவள் மார்பில் கை வைத்துக்கொண்டாள். “எனக்கு உசுரே போயிடுச்சு. தட்ட இவன் கையில திணிச்சுட்டு ஓடினேன். இந்த முட்டிய வச்சுக்கிட்டு.”

“நல்லாவே ஓடினா,” என்றார் டெஸி. “நாணல்லேர்ந்து பாத்தேன்.”

“நீ பேசாத.”

ஐலீஷ் அவர்களைப் பார்க்கவில்லை. “அவ என்ன பண்ணா?” என்று கார்மக்கிடம் கேட்டாள். “பயந்தாளா?”

“சிரிச்சா.”

“பொய் சொல்லாத.”

“சிரிச்சா, ஐலீஷ். வாசல்ல யாருன்னு கேட்டா. சொன்னேன். டெஸி நாணல்ல நிக்கறார்னேன். ஆரம்பிச்சுட்டா. வலிக்குதுடா, நிறுத்துடான்னு சொல்லிக்கிட்டே சிரிச்சா. நான் ஒண்ணும் பண்ணல, சும்மாதான் நின்னேன், கையில அந்தத் தட்டோட. அதப் பாத்து இன்னும் சிரிச்சா. அப்புறம் எனக்கும் தாங்கல.”

ஐலீஷ் மேசையின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தாள். “இங்க வர்றதுக்கு முன்னால, டப்ளின்ல நான் என்னென்னமோ பண்ணிப் பாத்தேன்,” என்றாள். “சினிமா போட்டேன். அம்மா மாதிரிப் பேசிக் காட்டினேன். செவுத்தப் பாத்துத் திரும்பிப் படுத்துக்குவா.”

எழுந்து முன்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மூவரும் கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். டெஸி குனிந்து, “மூணாவது அவளுக்குக் கேட்டிருக்காதுன்னு நெனச்சேன்,” என்று கிசுகிசுத்தார்.

“அக்கரைக்கே கேட்டுச்சு,” என்றாள் பெக்.

கார்மக் கைகளைப் பார்த்துக்கொண்டான். முன்னறையிலிருந்து சத்தமில்லை. ஐலீஷ் டப்ளின் என்று சொன்னால் சரி என்று விட்டுவிடலாமா என்று யோசித்தான். வாரா வாரம் பூ வைப்பாள், அது உண்மை. கிளீனா சன்னலோரம் உட்கார்ந்து, போகிற ஒவ்வொரு படகுக்கும் கை தூக்குவாள் என்பதும் உண்மைதான். ஆனால் இங்கே எல்லோரும் எல்லோருக்கும் கை தூக்குகிறார்கள். அதை வைத்து என்ன சொல்லிவிட முடியும்?

சவ அடக்கம் செய்யும் டீர்னி தொப்பியைக் கையில் பிடித்தபடி பின்வாசலில் வந்து நின்றார். அவசரமாகக் கேட்க வந்த விஷயத்தையும் வானிலை பேசி, ஆறு ஏறியதைப் பேசி, தேநீர் வேண்டாம் என்று இருமுறை மறுத்து, மூன்றாம் முறை வாங்கிக்கொண்ட பிறகுதான் கேட்டார்.

“குழி வெட்டற பசங்க ரெடியா இருக்காங்க. இங்கயா, டப்ளினா, அது தெரிஞ்சா போதும்.”

கார்மக் வாயைத் திறந்தான். முன்னறைக் கதவும் திறந்தது. ஐலீஷ் கோட்டைக் கழற்றியிருந்தாள். கண்கள் சிவந்திருந்தன.

“இங்கன்னா எந்த இடம்?” என்று டீர்னியிடம் கேட்டாள்.

“சர்ச்சுக்குப் பின்னால. கீழ்ச் சரிவு. ஈரமா இருக்கும்னு சில பேர் வேணாம்பாங்க.”

“ஆறு தெரியுமா?”

டீர்னி யோசித்தார். “மரத்துல எல உதிர்ந்தா தெரியும்.”

“வெட்டச் சொல்லுங்க,” என்றாள் ஐலீஷ்.

டீர்னி கார்மக்கைப் பார்த்தார். அவன் தலையசைத்தான். அவர் தேநீரைக் குடித்து முடித்துவிட்டுப் போனார். டெஸி நாற்காலிகளை விரிக்க முன்னறைக்குப் போனார். பெக் கோப்பைகளைக் கழுவ ஆரம்பித்தாள்.

கார்மக் மேசையருகே உட்கார்ந்தான். எதிரில் ஐலீஷ் உட்கார்ந்தாள். பசிக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. தட்டிலிருந்து ஒன்றை எடுத்துக் கடித்தான். வெண்ணெய் தாராளமாக இருந்தது. இன்னொன்றும் எடுத்தான். ஐலீஷ் அவன் தின்பதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தானும் ஒன்று எடுத்தாள்.

“சிரிச்சதுக்கு அப்புறம் ஒண்ணும் சொல்லலயா?”

“சொன்னா. ஒண்ணே ஒண்ணு. நாலஞ்சு நாளா தண்ணிகூட எறங்கல அவளுக்கு, தெரியுமில்ல?”

“தெரியும்.”

“சிரிப்பு அடங்கினப்புறம் தட்ட சமையக்கட்டுல வச்சுட்டு வந்திருந்தேன். போய் எடுத்துட்டு வர்றதுக்குள்ள தூங்கிட்டா. விடியற வரைக்கும் மூச்சு மட்டும் இருந்துச்சு. அப்புறம் அதுவும் இல்ல.”

பெக் குழாயை மூடிவிட்டு, திரும்பாமல் நின்றாள்.

“என்ன சொன்னா?” என்றாள் ஐலீஷ்.

“‘எனக்குன்னுதானே கொண்டு வந்திருக்காங்க. ஒண்ணு எடுத்துட்டு வா.’”